முதுகில் ஜெட் சுமந்த பாக்கெட்

முதல்முறை கணினியில் விமானம் ஓட்டும் சிமுலேட்டரில் ஏற்றிப் பார்த்தபோது என் விமானம் ஓடுபாதையில் நிற்கவே இல்லை. திரை வந்த அடுத்த நொடி தவளை மாதிரி எம்பி, முந்நூறு அடி மேலே போய், அங்கிருந்து வால் முன்னால் வர மல்லாந்து விழுந்தது. சக்கரக் காலுக்குக் கொடுத்த ஸ்பிரிங் எண்ணில் ஒரு சைபர் கூடுதலாகப் போட்டிருந்தேன், அவ்வளவுதான் விஷயம். நாலு மாதம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து வரைந்த விமானத்தின் முதல் பயணம் மொத்தம் பதினோரு விநாடி.

விமானம் எது என்று சொல்லிவிடுகிறேன். ஃபேர்சைல்டு சி-119. அமெரிக்காவில் இதன் பெயர் 'ஃப்ளையிங் பாக்ஸ்கார்', பறக்கும் சரக்கு வேகன் என்று வைத்துக்கொள்ளலாம். 1947 நவம்பரில் முதலில் பறந்தது. நம் விமானப்படையில் யாரும் அப்படிக் கூப்பிடவில்லை, எல்லோருக்கும் அது பாக்கெட். உண்மையில் பாக்கெட் என்பது இதற்கு முந்தைய சி-82இன் பெயர். அண்ணன் பெயர் தம்பிக்கு ஒட்டிக்கொண்டது. 1954இலிருந்து நம்மிடம் வந்து, 1980களின் நடுப்பகுதி வரை உழைத்தது. 1971 டிசம்பர் 11 அன்று, வங்கதேசப் போரில், டாங்காயிலில் பாராசூட் படையை இறக்கியபோது அன்டோனோவ், டகோட்டா, கரிபூ விமானங்களோடு பாக்கெட்டும் போனது.

அழகான விமானம் இல்லை. நடுவில் ஒரு பெட்டி, இரண்டு பக்கமும் என்ஜின், ஒவ்வொரு என்ஜினின் பின்னாலிருந்தும் ஒரு நீளக் குழாய், குழாய்களின் முனையில் ஆளுக்கொரு செங்குத்து வால், இரண்டையும் சேர்த்துக் கட்டியது போலக் குறுக்கே ஒரு வால் பலகை. பெட்டியின் பின்பக்கம் முழுக்கக் கதவு. லாரியைப் பின்னோக்கி எடுத்துக்கொண்டு நேராக உள்ளே விடலாம், இடிக்க வால் எதுவும் நடுவில் கிடையாது. சரக்கு ஏற்றுகிறவன் யோசித்து வரைந்த விமானம் என்று பார்த்தவுடனே தெரியும்.

எனக்கு இந்தப் பைத்தியம் பெரியப்பாவிடமிருந்து வந்தது. அவர் விமானப்படையில் என்ஜின் ஃபிட்டர். பெங்களூர் ஜாலஹள்ளியில் பயிற்சி, அப்புறம் ஆக்ரா. ஓய்வு பெற்று காட்பாடி பக்கம் வந்து உட்கார்ந்தவர், என் சின்ன வயதில் ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் பாக்கெட் கதை சொல்லுவார். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒரு பட்டாளத்துக்காரர் இருப்பது அதிசயமில்லை, ஆனால் மற்றவர்கள் எல்லாரும் சண்டைக் கதை சொன்னார்கள், இவர் மட்டும் ஸ்பார்க் பிளக் கதை சொன்னார். பதினெட்டு சிலிண்டர், சிலிண்டருக்கு இரண்டு பிளக், ஒரு விமானத்துக்கு எழுபத்திரண்டு. பிளக்கைக் கழற்றிக் கழுவி மாட்டியே கை ரேகை அழிந்துவிட்டது என்பார்.

ஆக, இந்த வயதில், ஐடி வேலை முடிந்து வந்து, ஃபிளைட்கியர் என்ற இலவச சிமுலேட்டருக்கு ஒரு பாக்கெட் செய்வது என்று முடிவெடுத்தேன். காசு கொடுத்து வாங்கும் பளபளப்பான சிமுலேட்டர்கள் இருக்கின்றன. ஆனால் ஃபிளைட்கியரில் விமானம் என்பது எழுத்துக் கோப்புதான், எங்கே கை வைத்தாலும் திறக்கும். என்னைப் போல எதையும் உடைத்துப் பார்த்தே கற்றுக்கொள்கிறவர்களுக்கு அதுதான் தோது.

வெளி உருவம் செய்வது சுலபம் என்று நினைத்திருந்தேன். இல்லை. பிளெண்டர் என்ற முப்பரிமாண வரைகலை மென்பொருளில் மூன்று பக்கப் படத்தைப் பின்னணியாக வைத்து அதன் மேல் வரைய வேண்டும். என்னிடம் இருந்த இரண்டு வரைபடங்களும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. இறக்கை நுனிக்கு நுனி 33.3 மீட்டர், நீளம் 26.4 மீட்டர், இது எல்லாரும் ஒப்புக்கொள்ளும் கணக்கு. அந்த நீளத்துக்கு ஒரு படத்தை அளவு மாற்றினால் வால் குழாய் ஒல்லியாகிறது, இன்னொன்றை மாற்றினால் மூக்கு உருளைக்கிழங்காகிறது. வரைபடத்தை நம்புவதை விட்டுவிட்டு டெல்லி போன சமயம் அங்கே பாலம் என்ற பகுதியில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில் நிற்கும் பாக்கெட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். ஒரு மணி நேரம் இறக்கையை மட்டும் பார்த்தேன் என்றால் நம்புவீர்களா? உடம்பிலிருந்து கிளம்பும் இறக்கை முதலில் கீழே இறங்குகிறது, என்ஜின் வரை போய், அங்கிருந்து மேலே ஏறுகிறது. முன்னாலிருந்து பார்த்தால் ஒரு தட்டையான 'டபிள்யூ'. எனக்கு இது ஏற்கனவே தெரியும், நூறு புகைப்படத்தில் பார்த்திருக்கிறேன். இருந்தும் அந்த மடிப்பு எவ்வளவு என்பது கீழே நின்று அண்ணாந்து பார்த்த பிறகுதான் கண்ணில் ஏறியது. வீட்டுக்கு வந்து மாடலில் இறக்கை மொத்தத்தையும் அழித்துவிட்டுத் திரும்ப வரைந்தேன்.

பின்பக்கக் கதவைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. சிப்பி மாதிரி இரண்டாகப் பிளந்து திறக்கும் கதவு. தரையில் நிற்கும்போது மட்டும்தான் திறக்கலாம், பறக்கும்போது திறக்க முடியாது. கனமான சரக்கைப் பாராசூட்டில் தள்ள வேண்டுமென்றால் என்ன வழி? கதவைக் கழற்றித் தரையிலேயே வைத்துவிட்டு, பின்புறம் திறந்த வீடாகப் பறப்பதுதான் வழி. 1950 டிசம்பரில் கொரியாவில், கொட்டோரி என்ற இடத்தில், தகர்ந்துபோன ஒரு பாலத்துக்காகப் பாலத்தின் துண்டுகளையே இப்படிப் பின்பக்கமாகப் பாராசூட்டில் தள்ளினார்கள். எட்டு விமானம், எட்டு துண்டு, ஒவ்வொன்றும் ஒரு டன்னுக்கு மேல். அந்தப் பாலத்தின் வழியாகத்தான் மரைன் படை கடற்கரைக்கு இறங்கியது. பறக்கும்போதே பின்பக்கம் திறக்கும் வகையும் பிற்பாடு வந்தது. 1960 ஆகஸ்ட் 19 அன்று விண்வெளியிலிருந்து பாராசூட்டில் இறங்கிக்கொண்டிருந்த டிஸ்கவரர்-14 உளவுச் செயற்கைக்கோளின் ஃபிலிம் பெட்டியை ஹவாய் அருகே ஆகாயத்திலேயே கொக்கி போட்டுப் பிடித்தது அப்படிப்பட்ட ஒரு சி-119தான், மூன்றாவது முயற்சியில். இந்த உருவத்தைப் பார்த்துச் சிரிக்கிறவர்களிடம் நான் இந்தக் கதையைச் சொல்லுவேன்.

சரி, உருவம் வந்துவிட்டது. பறப்பது எப்படி?

இங்கேதான் நான் நினைத்தே பார்க்காத இடத்தில் மாட்டினேன். ஃபிளைட்கியருக்குள் ஜேஎஸ்பிசிம் என்று ஒரு கணக்குப் பெட்டி இருக்கிறது. இறக்கைப் பரப்பு, எடை, என்ஜின், காற்று எந்தக் கோணத்தில் எவ்வளவு தூக்கும், எவ்வளவு இழுக்கும் என்றெல்லாம் கோப்பில் எழுதிக் கொடுத்தால் விநாடிக்கு நூற்றுச் சொச்சம் முறை கணக்குப் போட்டு விமானத்தை நகர்த்தும். முதல் கோப்பை ஏரோமேட்டிக் என்ற கருவியே எழுதிக் கொடுத்துவிடும், நீங்கள் நீளம், அகலம், எடை மட்டும் சொன்னால் போதும். அது கொடுத்த பாக்கெட் அற்புதமாகப் பறந்தது. ஒரு விரலால் ஓட்டலாம். முழுச் சுமையோடு ஒரு என்ஜினை அணைத்துவிட்டால்கூட மாமியார் வீட்டுக்குப் புறப்பட்ட மாப்பிள்ளை போல ஜம்மென்று மேலே ஏறியது.

பெரியப்பாவுக்குக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "இது என்னடா, இவ்ளோ நல்லாப் போவுது?" என்றார். பாராட்டு என்று நினைத்துச் சிரித்தேன். "இல்லடா, பாக்கெட்டு இப்படிப் போவாது. லோடு இருக்கும்போது ஒரு என்ஜின் போச்சுன்னா உள்ள இருக்கறவன் எல்லாம் சாமி கும்பிட ஆரம்பிப்பான். நீ என்னமோ கார் ஓட்டற மாதிரி ஓட்டற."

அன்றைக்குத்தான் எனக்கு வேலை என்னவென்று புரிந்தது. நான் அதுவரை ஒரு நல்ல விமானம் செய்துகொண்டிருந்தேன். செய்ய வேண்டியது, அந்த விமானம் எவ்வளவு கஷ்டம் கொடுத்ததோ அதே அளவு கஷ்டம் கொடுக்கும் ஒன்றை. அதிகமாகக் கொடுத்தாலும் பொய்தான், சில பேர் பழைய விமானம் என்றாலே ஓட்டவே முடியாதபடி செய்து வைத்து 'யதார்த்தம்' என்று பெயர் சூட்டுகிறார்கள், அதுவும் எனக்குப் பிடிக்காது.

ஒவ்வொன்றாகக் கெடுக்க ஆரம்பித்தேன். நின்றுபோன என்ஜினின் ப்ரொப்பெல்லர் காற்றில் சும்மா சுற்றினால் அது ஒரு பெரிய தட்டைக் காற்றுக்கு எதிரே பிடித்த மாதிரி இழுக்கும், இலைகளைக் காற்றோடு ஒட்டத் திருப்பினால்தான் இழுவை குறையும். எனக்குக் கிடைத்த கோப்பில் இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. சேர்த்தேன். அடுத்தது வால். பாக்கெட்டின் இரண்டு செங்குத்து வாலும் சரியாக ஒவ்வொரு ப்ரொப்பெல்லருக்கும் நேர் பின்னால் நிற்கின்றன. அதனால் விமானம் தரையில் மெல்ல உருளும்போதே, என்ஜினை முறுக்கினால் அந்தக் காற்று வாலில் அடித்து, விமானத்தை இடம் வலம் திருப்பும் வால் மடலான ரட்டருக்கு உயிர் வரும். அதே காரணத்தால் ஒரு என்ஜின் நின்றால் அந்தப் பக்கத்து வாலுக்கு அந்தக் காற்று கிடையாது. ஜேஎஸ்பிசிமிடம் ப்ரொப்பெல்லர் தள்ளும் காற்றின் வேகத்தைத் தனியே கேட்டு வாங்கலாம், அதை இடது வாலுக்கு இடது என்ஜினிலிருந்து, வலது வாலுக்கு வலதிலிருந்து என்று பிரித்துக் கொடுத்தேன். எழுத ஒரு வரிதான் ஆயிற்று. சரியாக வர மூன்று வாரம்.

இனி ஜெட்டுக்கு வருகிறேன். இந்தியப் பாக்கெட்டைத் தனியாக அடையாளம் காட்டியது அதுதான். அமெரிக்காவுக்கு இந்த விமானம் பெரும்பாலும் தாழ்வான இடங்களில் வேலை. நமக்கு லடாக். இரண்டு ரைட் ஆர்-3350 என்ஜின், ஒவ்வொன்றும் 3,500 குதிரைத்திறன் என்றாலும், அந்த உயரத்தில் மூச்சு வாங்கும். ஆகவே 1960களின் தொடக்கத்தில் விமானத்தின் முதுகில், நடுப் பெட்டிக்கு மேலே, ஒரு சின்ன ஜெட் என்ஜினைத் தூக்கி வைத்தார்கள். முதலில் அமெரிக்க வெஸ்டிங்ஹவுஸ் ஜே34, சுமார் 1,500 கிலோ தள்ளுவிசை. பிறகு நம் ஹெச்ஏஎல் (இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) இதே இடத்தில் ஆர்ஃபியஸ் என்ஜினை வைத்தது, நேட் சண்டை விமானத்தில் இருந்த அதே என்ஜின். சரக்கு லாரியின் கூரையில் ரேஸ் கார் என்ஜினைக் கட்டிய கதை. வேலை செய்ததா என்றால், செய்தது.

சிமுலேட்டரில் ஜெட் சேர்ப்பது ஐந்து நிமிட வேலை. தள்ளுவிசை எவ்வளவு, எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது, இரண்டையும் எழுத வேண்டும். எழுதினேன், மூட்டினேன், விமானம் வேகம் பிடித்தது, மூக்கு இம்மி அசையவில்லை. எவ்வளவு நிதானமான விமானம் என்று எனக்கே பெருமை.

பெரியப்பா சோதனை ஓட்டங்களில் கூடப் போயிருக்கிறார். அவர்தான் கேட்டார்: "ஜெட்டு போட்டா மூக்கு கீழ குத்துமே, பைலட்டு டிரிம் சக்கரத்தப் புடிச்சி சுத்துவாரே, உன்னுதுல ஏன் ஒண்ணுமே ஆவல?"

டிரிம் சக்கரம் என்றால் மூக்கு மேலே கீழே போகாமல் விமானத்தைச் சமநிலைப்படுத்தும் சக்கரம். யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதுதான் நியாயம். ஜெட் முதுகில் இருக்கிறது. விமானத்தின் எடை மையத்துக்கு என் வரைபடக் கணக்குப்படி ஏறத்தாழ இரண்டு மீட்டர் மேலே. அங்கிருந்து 1,500 கிலோ முன்னால் தள்ளினால் விமானம் குப்புறக் கவிழப் பார்க்கும். கணக்குப் போட்டால், பத்து மீட்டர் முன்னால் மூக்கில் ஐம்பது கிலோ அரிசி மூட்டை ஆறைத் திடீரென்று தொங்கவிட்டதற்குச் சமம். என் கோப்பைத் திறந்து பார்த்தேன். ஃபிளைட்கியரின் உருவக் கோப்பு மீட்டரில் இருக்கும், ஜேஎஸ்பிசிம் கோப்பில் இடங்களை நான் எழுதியது அங்குலத்தில். நான் மீட்டர் நினைப்பில் 2.1 என்று போட்டிருந்தேன். ஜெட் எடை மையத்திலிருந்து வெறும் இரண்டு அங்குலம் மேலே, பெட்டிக்குள்ளே, சரக்கோடு சரக்காக உட்கார்ந்து எரிந்துகொண்டிருந்தது. 83 என்று மாற்றியதும் மூக்கு குத்தியது. அன்று ராத்திரி டிரிம் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே பறந்தேன், அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த விமானத்தையும் கஷ்டப்பட்டு ஓட்டியதில்லை.

இவ்வளவும் எதற்கு? தௌலத் பேக் ஓல்டிக்காகத்தான். லடாக்கில், காரகோரம் கணவாய்க்குக் கீழே, 5,065 மீட்டர் உயரத்தில், விமானம் இறங்க ஒரு மண் தரை. 1962 ஜூலை 23 அன்று ஸ்குவாட்ரன் லீடர் சி.கே.எஸ். ராஜே அங்கே ஒரு பாக்கெட்டை இறக்கினார். 1966இல் நிலநடுக்கத்தில் மண் இளகி, அந்தத் தரை விமானத்துக்கு உதவாமல் போனது, அப்புறம் 2008 மே மாதம் ஒரு அன்டோனோவ்-32 இறங்கும் வரை 42 வருடம் சும்மா கிடந்தது.

அங்கே போவது என்றால் என்ன என்று நான் எண்ணில் புரிந்துகொள்ள முயன்றேன். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய அறுபது சதவீதம். அது குளிர்ந்த காற்றுக்கான பாடப்புத்தகக் கணக்கு. ஜூலைப் பகலில் பத்து டிகிரி வெயில் அடித்தால் ஐம்பத்துநாலு சதவீதம்தான், அதாவது விமானத்தைப் பொறுத்தவரை அது 6,000 மீட்டரில் இருக்கும் ஊர். வேகமானி காற்றின் அழுத்தத்தைத்தான் அளக்கிறது, ஆகவே இறங்கும்போது அது 100 நாட் (மணிக்கு 100 கடல் மைல்) என்று காட்டினால் தரைக்கு மேலே உண்மையில் 136 நாட்டில் போய்க்கொண்டிருப்போம். இறக்கைக்கு வித்தியாசம் தெரியாது. பிரேக்குக்குத் தெரியும். சக்கரத்துக்கும், கீழே இருக்கும் கல்லுக்கும் தெரியும்.

என் முதல் சோதனையில் அங்கிருந்து சுலபமாகக் கிளம்பிவிட்டேன். உடனே சந்தேகம் வந்தது, இப்போதெல்லாம் எது சுலபமாக நடந்தாலும் எனக்குச் சந்தேகம்தான். என்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் சூப்பர்சார்ஜருக்கு உயர வரம்பு போட மறந்திருந்தேன், 16,000 அடியில் என் ஆர்-3350 இரண்டும் கடற்கரையில் நிற்பதுபோல முழு 3,500 குதிரையும் கொடுத்துக்கொண்டிருந்தன. சரிசெய்த பிறகு போனேன். முழுச் சுமையோடு தரை தீர்ந்துபோகும் வரை ஓடியும் சக்கரம் மண்ணை விடவில்லை. பாதிச் சுமை, அதே கதை. சரக்கையெல்லாம் இறக்கி, திரும்பிப் போக வேண்டிய எரிபொருளை மட்டும் வைத்துக்கொண்டு, ஜெட்டை மூட்டிக் கிளம்பினால் கடைசியில் தரை விட்டது. அந்த ஜெட்டுக்கும் அங்கே அதே மெல்லிய காற்றுதான், அதுவும் கடல்மட்டத்தில் கொடுக்கும் தள்ளுவிசையைக் கொடுக்காது. ஆனாலும் அது இல்லாமல் நான் ஒரு தடவைகூட அங்கிருந்து எழும்பவில்லை. இறங்குவது வீரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், கிளம்புவதில்தான் வயிறு கலங்குகிறது. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, பக்கத்தில் ஃபில்டர் காபியோடு, எனக்கே கலங்கியது.

நிலப்பரப்பு ஒரு தனித் தொல்லை. சிமுலேட்டரின் மலைகள் விண்வெளி ரேடார் அளவீட்டிலிருந்து வருகின்றன, தொண்ணூறு மீட்டருக்கு ஒரு புள்ளி என்ற கணக்கில். நிஜத்தில் தட்டையான இடம் இதில் மேடும் பள்ளமுமாக வந்தது. தரையை நானே சமப்படுத்தினேன், அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, சலிப்பான வேலை.

வண்ணம் பூசும்போது பெரியப்பாவை மறுபடி கூப்பிட்டேன். வெள்ளி நிற அலுமினியம், வட்டச் சின்னம், 'ஐகே' என்று தொடங்கும் எண், எல்லாம் பளிச்சென்று போட்டு வைத்திருந்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையில் விரலை வைத்தார். என்ஜின் மூடியின் கீழ்விளிம்பில் ஆரம்பித்து, இறக்கையின் அடியில் கொஞ்சம் பரவி, வால் குழாயின் வெளிப்பக்கமாக ஒரு முழ நீளத்துக்கு விரலை இழுத்தார். "இங்கேருந்து இங்க வரைக்கும் எண்ணெய். தொடச்சிட்டே இருப்போம், அது வந்துட்டே இருக்கும். இந்தப் பக்கம் அதிகம், அந்தப் பக்கம் கம்மி." திரையில் அவர் விரல் போன தடம் பதிந்திருந்தது. அதைத் துடைப்பதற்கு முன்பு அப்படியே பார்த்து வரைந்துகொண்டேன்.

என்ஜினை ஸ்டார்ட் செய்வதில்தான் அவர் நிஜமாகவே கோபப்பட்டார். நான் ஒரு பொத்தானை அழுத்தினேன், புர்ரென்று புகை வந்து இரண்டும் ஓடின. "சுத்தி விட்டியா?" என்றார். வட்டமாக அடுக்கிய சிலிண்டர்களில் கீழே தொங்குபவற்றில், விமானம் நிற்கும்போது எண்ணெய் இறங்கித் தேங்கும். எண்ணெய் நசுங்காது. அது தெரியாமல் ஸ்டார்ட் செய்தால் பிஸ்டன் எண்ணெயில் மோதி, இணைக்கும் தண்டு வளையும், அன்றைக்கே தெரியாமல் பத்து நாள் கழித்து ஆகாயத்தில் உடையும். அதனால்தான் முதலில் ப்ரொப்பெல்லரை மெதுவாகச் சுற்றிப் பார்க்க வேண்டும், எங்காவது முட்டினால் நிறுத்திவிட்டுக் கீழ் பிளக்கைக் கழற்றி எண்ணெயை வடிக்க வேண்டும். நாலு இலை ப்ரொப்பெல்லர், ஆள் உயரத்தைவிடப் பெரிய இலை. பெரியப்பா நாற்காலியிலிருந்து எழுந்து, காற்றில் ஓர் இலையைப் பிடித்து, தோளைக் கொடுத்துத் தள்ளி, விட்டுவிட்டு நகர்ந்து, அடுத்ததைப் பிடித்துக் காட்டினார். எழுபத்தாறு வயது. பெரியம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "இந்த மனுசனுக்கு என்னாச்சு?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அதையும் எழுதினேன். என்ஜின் நின்று எத்தனை நேரமாயிற்று என்று ஒரு சின்ன நிரல் கணக்கு வைத்திருக்கும். சுற்றாமல் ஸ்டார்ட் செய்தால் சில சமயம் ஒன்றும் ஆகாது, சில சமயம் உடனே முட்டி நிற்கும், சில சமயம் இருபது நிமிடம் நன்றாக ஓடிவிட்டு மலைக்கு நடுவில் காலை வாரும். எது வரும் என்று எனக்கும் தெரியாது.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது மடிக்கணினியில் ஏற்றிக்கொண்டு போனேன். கூடத்தில் வைத்து அவருக்கு முழுப் பயணமும் காட்டினேன்: சுற்றினேன், ஸ்டார்ட் செய்தேன், சண்டிகரிலிருந்து கிளம்பி மலையேறி, தௌலத் பேக் ஓல்டியில் இறக்கினேன், கொஞ்சம் தடாலென்றுதான். தூசி அடங்கியது. அவர் எதுவும் சொல்லவில்லை. சரி, முடிந்தது என்று சிமுலேட்டரை மூடப் போனேன், கையைப் பிடித்துவிட்டார்.

"இரு இரு. ஹெட் டெம்பரேச்சர் எறங்கட்டும். சூடா இருக்கும்போது அணைக்கக் கூடாதுடா."

என்ஜின்களை மெதுவாக ஓடவிட்டுவிட்டு இரண்டு பேரும் சிலிண்டர் தலையின் சூட்டைக் காட்டும் அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். முள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. பெரியம்மா கொண்டுவந்து வைத்த காபி ஆறியது. "இப்ப அணை" என்றார்.